நிழற்குடைச் சுவரில் செல்லி

செல்லிக்குக் காலில் முள் குத்துவது புதிதில்லை. மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருக்கும் அவளுடைய ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். பாதையில் பாதி கல், மீதி இலந்தைப் புதர். செருப்பு ஈரப் பாறையில் வழுக்குகிறது என்று கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவாள். ரோட்டோரத்து நிழற்குடைக்கு வந்ததும் சுமையை இறக்கிவிட்டு, காலில் ஏறியிருப்பதைப் பிடுங்கிப் போடுவாள். கோடையில் புளி, ஆடியில் நாவல்பழம், மழை முடிந்தால் சீத்தாப்பழம், நடுவில் கொள்ளு, சாமை என்று எதையாவது சுமந்துபோய்ப் போளூரில் விற்றுவிட்டு வருகிறவள் அவள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள், கூட வந்த கோகிலவாணியின் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, காலைப் பின்னால் மடக்கித் தூக்கி முள்ளைத் தடவிக்கொண்டிருந்தாள். மேலே வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. பஸ்ஸோ என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். டிராக்டர். மறுபடி குனிந்து முள்ளைப் பிடுங்கினாள்.

நிழற்குடையின் மூலையில் ஜோஸ்லின் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். போளூர்ப் பெண். மலைமேல் இருக்கும் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் சில நாள் வந்து, மதியத்துக்கு மேல் இதே பஸ்ஸுக்காக இவர்களோடு காத்திருப்பவள். செல்லி திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் ஜோஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் இருந்த நோட்டைத் திறந்து வேகமாக நாலு கோடு இழுத்தாள்.

அவளுக்கு ஞாபகம் வந்தது ரவிவர்மாவின் ஓவியம். தமிழ்நாட்டில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. நகைக்கடைக் காலண்டரிலோ பழைய வீட்டுக் கூடத்திலோ எங்காவது பார்த்திருப்பார்கள். காட்டு ஆசிரமத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி, தோழியின் தோளைப் பிடித்தபடி, காலில் முள் தைத்ததுபோல நிற்கிறாள். முள்ளெல்லாம் ஒன்றுமில்லை. தன்னைத் தேடி வந்த ராஜாவை இன்னொரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்ள அது ஒரு சாக்கு. இங்கே முள் நிஜமாக இருக்கிறது, வர வேண்டியதுதான் வரவில்லை என்று ஜோஸ்லின் நினைத்துக்கொண்டாள்.

கோடை விழாவுக்காக அந்த வருஷம் ரோட்டோரச் சுவர்களில் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். மயில், அருவி, மஞ்சப்பை என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஜோஸ்லின் நிழற்குடையின் வெளிச்சுவரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வார்டு உறுப்பினர் ராஜாக்கண்ணு, "சாமி படம் வேணாம், கட்சிப் படம் வேணாம். மத்தபடி இன்னா வேணா போடு டீச்சர்" என்றார். செல்லியைக் கேட்க வேண்டும் என்று ஜோஸ்லினுக்குத் தோன்றவில்லை. பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள்.

நாலைந்து நாளில் படம் முடிந்தது. பழைய ஓவியத்தின் மரங்களுக்குப் பதில் பலா மரங்கள். மூலையில் ஒரு வெள்ளாடு ரேஷன் பையை மென்றுகொண்டிருந்தது. தோழியாக நின்ற கோகிலவாணி, சிக்னலுக்காகச் செல்போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தாள். நடுவில் செல்லி. பச்சைப் புடவை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, மடக்கித் தூக்கிய கால், தோளுக்கு மேலாகத் திரும்பிய முகம். அவள் பார்வை போன திசையில், மலைப்பாதையின் கடைசி வளைவில், எறும்பளவுக்கு ஒரு பஸ் மறைந்துகொண்டிருந்தது. மேலே பெரிய எழுத்தில் ஒரே சொல்: "வருமா?"

முதலில் எல்லாருக்கும் பிடித்துத்தான் இருந்தது. விழாவுக்கு வந்தவர்கள் காரை நிறுத்தி, சுவரின் முன்னால் காலைத் தூக்கி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோகிலவாணி, தன் முகம் கொஞ்சம் கறுப்பாகப் போய்விட்டது என்பதைத் தவிர வேறு குறை சொல்லவில்லை. போளூரில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ முடித்திருந்த செல்லியின் மகள் அபிநயா, விடுமுறைக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் படத்தைப் பார்த்துக் கத்தியே விட்டாள். உடனே போட்டோ எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். "எங்கம்மா" என்று எழுதி, பக்கத்தில் ஒரு இதயம்.

செல்லிக்கும் முதலில் கூச்சம்தான் இருந்தது, வருத்தம் இல்லை. "என் காலு இவ்ளோ வெளுப்பா இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

நிழற்குடைக்கு எதிரில் சந்திரனின் டீக்கடை. விழா முடிந்த வாரத்தில் ஒரு நாள் செல்லி கடையின் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் இருந்த ஆட்களுக்கு அவள் அங்கே இருப்பது தெரியாது. சந்திரன் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது பழைய கதைப்பா. அந்தப் பொண்ணு காட்டுலயே பொறந்து வளந்தது. ராஜா வேட்டைக்கு வந்த எடத்துல பாத்துட்டு கல்யாணம் பண்ணிக்கிறான். நான் போய்ட்டு ஆள் அனுப்பறேன்னு சொல்ட்டுப் போறான். போனவன் அவள சுத்தமா மறந்தே போய்ட்றான்."

"நம்ம சடையன் கதன்னு சொல்லு."

"அதான் டீச்சர் எழுதிகீதே, வருமான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். சந்திரனும் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரித்த சிரிப்பு அல்ல அது. அதைத்தான் செல்லியால் தாங்க முடியவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல், கொண்டுவந்த புளியை அங்கேயே விட்டுவிட்டு, வந்த பாதையில் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

சடையன் அவள் கணவன். எட்டு வருஷத்துக்கு முன்பு, கிணறு வெட்டும் வேலை என்று ஒரு மேஸ்திரி நாலைந்து பேரைக் கூட்டிப்போனான். போன இடம் ஆந்திராக் காடு. வெட்டச் சொன்னது செம்மரம். இரண்டாம் நாளே பிடிபட்டு எல்லாரும் ஜெயிலுக்குப் போனார்கள். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. செல்லி அப்போதெல்லாம் வேலை இருக்கிறதோ இல்லையோ, மாலையில் இந்த முக்குக்கு வந்து நிற்பாள். இறங்குகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பஸ் போன பிறகு அதன் பின்பக்கத்தையும் பார்ப்பாள், யாராவது இறங்காமல் தூங்கிவிட்டார்களோ என்பதுபோல. கடைசியில் சடையன் வெளியே வந்துவிட்டான் என்று சேதி வந்தது. அவன்தான் வரவில்லை. ஓசூரில் கட்டட வேலைக்குப் போனான், அங்கேயே ஒருத்தியோடு இருக்கிறான் என்று வேறு ஆள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த முக்கில் சுமையோடு மட்டும்தான் நின்றாள். எப்போது பார்ப்பதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் நிறுத்திவிட்டாள். மகளைப் படிக்க வைத்தாள், கொல்லை நிலத்தைச் சீர்செய்தாள், மாமியாரை அடக்கம் செய்தாள். மலையில் வீட்டுக்காரனைப் பெயர் சொல்லிப் பேசாத பெண்கள் "அது" என்றுதான் சொல்வார்கள். அது வந்துச்சா, அது சாப்ட்டுச்சா என்பார்கள். அதனால் "வருமா?" என்ற சொல்லை அந்த ஊரில் யார் படித்தாலும் பஸ்ஸை மட்டும் நினைக்க முடியாது. இது ஜோஸ்லினுக்குத் தெரியாது.

அடுத்த முறை நிழற்குடையில் ஜோஸ்லினைப் பார்த்தபோது செல்லி நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அந்தப் படத்துப் பொம்பள யாருக்காக நிக்கிறா?"

"பஸ்ஸுக்குதான்க்கா."

"நம்ம படம் இல்ல. பழைய படத்துல."

ஜோஸ்லின் கதையைச் சொன்னாள். மறந்துபோனது ஒரு சாபத்தால், பிறகு எல்லாம் ஞாபகம் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று நல்ல முடிவாகவே சொன்னாள். செல்லி கடைசிவரை கேட்டாள்.

"என் வூட்டுக்காரன் கதை உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஜோஸ்லின் தலையாட்டினாள். செல்லி சொன்னாள். டீக்கடையில் கேட்டதையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஜோஸ்லினின் முகம் சிவந்துவிட்டது.

"அய்யோ அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. பஸ் வராதத பத்திதான் கிண்டல் பண்ணேன். நாளைக்கே வெள்ளையடிச்சிட்றேன்."

"அதெல்லாம் முடியாது" என்று கோகிலவாணி குறுக்கே வந்தாள். "இவளுக்கு ஒரு கதன்னா எம்மூஞ்ச இன்னாத்துக்கு அழிக்கணும்? என் தம்பி பெங்களூர்லேர்ந்து இத்த பாக்கறதுக்குன்னே வர்றான்."

 பிறகு கோகிலவாணியே வழி சொன்னாள். "வருமா?"வுக்கு முன்னால் "பஸ்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும், எவனும் வேறு அர்த்தம் பண்ண முடியாது. ஜோஸ்லின் மறுநாளே பெயின்ட் கொண்டுவந்து எழுதினாள். இடம் போதாமல் அந்தச் சொல் சுவரின் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது. செல்லிக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் சரி என்று விட்டுவிட்டாள்.

ஆனி கடைசியில் அபிநயா போன் செய்தாள். நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தயங்கினாள்.

"அம்மா... அப்பா அந்தப் போட்டோவ பாத்துச்சாம்."

செல்லிக்கு முதலில் புரியவில்லை. "எந்த அப்பா?"

"என் ஸ்டேட்டஸ்ல பாத்துச்சாம்மா. வர்ற ஞாயித்துக்கிழம மலைக்கு வருதாம்."

"உன் போன்ல வெச்சது அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

மறுமுனையில் அழுகை. இரண்டு வருஷமாக அப்பாவோடு அவ்வப்போது பேசுகிறாள். நம்பரை யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். சொன்னால் அம்மா வருத்தப்படும் என்று சொல்லவில்லை. செல்லி போனை அணைத்துவிட்டாள். சடையன் வருகிறான் என்பதைவிட, மகள் தனக்குத் தெரியாமல் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவளை உலுக்கியது. அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. அபிநயா திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் சில நாள் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. நாவல்பழம் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பறித்தால் அன்றே விற்றாக வேண்டும். அவன் வருகிறான் என்பதற்காக வீட்டில் இருந்தால் அது காத்திருப்பதாகிவிடும். வருகிறான் என்பதற்காகப் போகாமல் ஒளிந்தாலும் அப்படித்தான். அதனால் எப்போதும்போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு கோகிலவாணியோடு இறங்கினாள்.

போளூரிலிருந்து மேலே வந்த பஸ்ஸிலிருந்து சடையன் இறங்கினான். இளைத்திருந்தான். ஜீன்ஸ் பேன்ட், சாயம் பூசிய தலைமுடி, கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. இறங்கியவன் அவளைத்தான் முதலில் பார்த்தான். ஆனால் உடனே கண் சுவருக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றது. மாசியில் தூக்கிய காலோடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளை அவன் வெகுநேரம் பார்த்தான்.

"போட்டோல பாத்தேன்" என்றான் கடைசியில்.

"சொன்னா அபி."

"நான் நெனச்சே பாக்கல செல்லி. இத்தினி வருசம் கழிச்சும் நீ..." சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு. இப்டி ஒருத்திய நிக்க வெச்சிட்டமேன்னு."

செல்லி மோவாயால் சுவரைக் காட்டினாள். "மேல இன்னா எழுதிகீது, படிய்யா."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "பஸ்... வருமா." திரும்பினான். "போட்டோல இந்த 'பஸ்' இல்லியே."

"அது அப்புறம் எழுதுனது."

சடையன் மறுபடியும் படித்தான். இந்த முறை வாய்க்குள். அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மெதுவாக இறங்கியது. எதிரே சந்திரன் கடையில் பேச்சு நின்றிருந்தது.

"அப்ப எனக்காக இல்லியா?"

"பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் செல்லி. "நீ ஜெயில்ல கீறவரிக்கும் பாத்தேன். வெளிய வந்துட்டன்னு கேட்டப்புறமும் கொஞ்ச நாள் பாத்தேன். இதே எடம்தான். அப்ப எவளும் வந்து என்னைப் படம் போடல. இந்தப் படம் போட்டப்ப நான் பஸ்ஸத்தான்யா பாத்தேன்."

 அவன் ஸ்வீட் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைமாற்றிக்கொண்டான். செல்லிக்கு அவன்மேல் அந்த நேரத்தில் கோபம் வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அங்க புள்ள இருக்குதாமே."

"பையன். நாலு வயசாவுது."

"இன்னா பேரு?"

சடையன் கீழே பார்த்தான். "பூவரசன்."

அது அவன் அப்பாவின் பெயர். செல்லிக்கு ஒரு பையன் பிறந்தால் வைக்கலாம் என்று அந்த வீட்டில் பேசிக்கொண்ட பெயரும் அதுதான். அவள் புடவைத் தலைப்பால் கூடையின் வாயை இழுத்து மூடினாள்.

"நல்ல பேரு" என்றாள்.

மேலே போன பஸ் திரும்பிக் கீழே வந்து நின்றது. "நான் வூட்டுக்கு வரட்டுமா?" என்று சடையன் கேட்டான்.

"உங்கம்மாவ பொதச்ச எடத்த பாக்கணும்னா போய்ப் பாரு. பெரிய பலா மரத்துக்கு அந்தாண்ட. நான் போளூர் போய்ட்டு சாயந்திரந்தான் வருவேன். நீ அதுக்குள்ள கெளம்பிடு."

கூடையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.  பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கியபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. அவ்வளவு தூரம் வந்தவன், தன் முகத்தைவிடச் சுவரில் இருந்த முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தான். அவனுக்கு வேண்டியிருந்தவள் அந்தச் சுவரில் இருந்தவள்தான். இத்தனை வருஷம் கழுத்தைத் திருப்பியபடி நிற்கிற ஒருத்தி. போளூர் வரும்வரை செல்லி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று பக்கத்தில் இருந்த கோகிலவாணிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அந்த வாரமே செல்லி ஜோஸ்லினிடம் சொன்னாள். "டீச்சர், அந்தத் தலைய திருப்பிடு."

"வெள்ளையடிச்சிட்லாம்க்கா."

"அழிக்க வேணாம். தலைய மட்டும் திருப்பு."

ஜோஸ்லினுக்குச் சங்கடமாக இருந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. திரும்பிப் பாக்கறதுதான் அந்தப் படமே. தலைய மாத்திட்டா அது எந்தப் படத்தோட கிண்டல்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாட்டி போவட்டும். நான் வாரத்துல ரெண்டு மூணு வாட்டி அங்கதான் நிக்கிறேன். எம்பின்னாடி இன்னொரு செல்லி ரோட்ட பாத்துனே நிக்கிறா. எனக்கு எப்டி இருக்கும், சொல்லு."

 ஜோஸ்லின் அதுவரை வரைந்ததிலேயே பேர் வாங்கிய படம் அதுதான். பத்திரிகை ஒன்றில்கூட வந்திருந்தது. அன்று பஸ்ஸில் மலை இறங்கும்போது முழுக்க அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு போனாள். வீட்டில் அப்பா பிலிப்ராஜிடம் சொன்னபோது, "உன் படம்தானம்மா, நீதான் முடிவு பண்ணணும்" என்றார். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. என் படம்தானா என்ற கேள்வியோடு இரண்டு நாள் சுற்றினாள்.

மூன்றாம் நாள் பெயின்ட் டப்பாவோடு வந்தாள். பழைய முகத்தின்மேல் வெள்ளை அடித்துக் காய விட்டாள். "எங்கக்கா பாக்கணும்?" என்று கேட்டாள்.

செல்லி நிழற்குடைத் தூணைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கித் தூக்கினாள். குனிந்து பாதத்தைப் பார்த்தாள். "முள்ளு எடுக்கும்போது இங்கதானே பாப்பாங்க."

அந்த நிலையில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதனால் ஜோஸ்லின் அவளைத் திண்டில் உட்கார வைத்து, காலை மறு தொடைமேல் போடச் சொல்லி, முகத்தை மட்டும் பார்த்து வரைந்தாள். இந்த முறை காலண்டர் படத்தை அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கண் சுருங்கும் விதம், உதட்டைக் கடிக்கும் விதம், நெற்றியில் விழும் நரைமுடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். செல்லிக்குத் தன்னை ஒருத்தி இப்படிப் பார்ப்பது முதலில் சிரிப்பாக வந்தது. பிறகு பழகிவிட்டது. சந்திரன் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று செல்லி கேட்கவில்லை.

தலை திரும்பிய பிறகு கழுத்துப் பக்கம் நிறம் சரியாகச் சேரவில்லை. உற்றுப் பார்த்தால் தெரியும். காரில் வருகிறவர்கள் இப்போது அதிகம் நிறுத்துவதில்லை. நிறுத்துகிறவர்களும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் கோகிலவாணியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அபிநயாவிடம் செல்லி மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள். தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது மகள், ஓசூர் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"போய்ட்டு வா. சொல்லாம போனாத்தான் எனக்குப் புடிக்காது" என்றாள் செல்லி.

காலையில் ஒரு பையில் புதுச் சாமையைக் கட்டிவைத்தாள். மலைத்தேன் ஒரு பாட்டிலை எடுத்துத் துணியில் சுற்றினாள். "அந்தச் சின்னப் பையனுக்குக் குடு" என்று சொல்லி அதையும் பைக்குள் வைத்தாள்.

மூன்று நாள் கழித்து அபிநயா திரும்பி வந்தாள். செல்லி வாசலில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. மகளே சொன்னாள். அப்பாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியவில்லை. அந்த அம்மா அதிகம் பேசவில்லை, ஆனால் சோறு போட்டது. பையன் தேனை விரலால் தொட்டுத் தொட்டு நக்கிப் பாதி காலி செய்துவிட்டான்.

செல்லி முறத்தை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினாள்.

"பாட்டில திருப்பிக் கொண்டாந்தியா?"

"மறந்துட்டேம்மா."

"சரி, போ. கால் கழுவினு வந்து சாப்புடு" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.